டி.டி.எச். இணைப்புக்கு ஓராண்டுத் தொகை கட்டியவர்கள் முடிவுத் தேதியைப் பாருங்கள்

டி.டி.எச். இணைப்புக்கு ஓராண்டுப் பணத்தை மொத்தமாகக் கட்டியிருப்பவர்கள், இதைப் படித்து முடிப்பதற்கு முன்பே ஒரு காரியம் செய்துவிடுங்கள். நிறுவனத்தின் செயலியைத் திறந்து உங்கள் கணக்கு எந்தத் தேதியில் முடிகிறது என்று பாருங்கள். பணம் கட்டிய அன்று வந்த எஸ்.எம்.எஸ்.ஸில் இருக்கும் தேதியும் அதுவும் ஒன்றாக இருந்தால் நல்லது. இல்லையென்றால் எனக்கு நடந்ததுதான் உங்களுக்கும் நடந்துகொண்டிருக்கிறது.

எங்கள் வீட்டில் மாதம் 350 ரூபாய் பேக். தமிழ்ச் சேனல்கள், அத்தைக்கு வேண்டிய தொடர்கள், கிரிக்கெட்டுக்கு ஒரு விளையாட்டுச் சேனல், எல்லாம் வரி சேர்த்து. நிறுவனத்திலிருந்து பேசிய பெண், 12 மாதத் தொகையான 4,200 ரூபாயை ஒரே தவணையில் கட்டினால் இடையில் விலை ஏறினாலும் எங்களுக்கு ஏறாது என்று சொன்னார். நான் கட்டியதே அந்த ஒரு வாக்குறுதிக்காகத்தான். கட்டியவுடன் நன்றி தெரிவித்து, 12 மாதம் என்றும் முடிவுத் தேதி இதுவென்றும் எஸ்.எம்.எஸ். வந்தது.

ஐந்து மாதம் போயிருக்கும். அத்தை ஒரு பக்திச் சேனல் கேட்டார்கள். அதைச் சேர்க்கச் செயலிக்குள் போனபோதுதான் கண்ணில் பட்டது: முடிவுத் தேதி ஏறக்குறைய 25 நாள் முன்னால் வந்திருந்தது. பணம் கேட்டு யாரும் அழைக்கவில்லை, பில்லும் வரவில்லை. டி.வி. வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தது. பேக்கின் பெயர்கூட மாறவில்லை. அதன் மாத விலை மட்டும் 350இலிருந்து 398 ஆகியிருந்தது.

இந்த வித்தை எப்படி வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். நீங்கள் முன்கூட்டிக் கட்டிய பணம் ஓராண்டுக் கட்டணமாக எங்கும் வரவு வைக்கப்படுவதில்லை. அது உங்கள் கணக்கில் இருப்பாகக் கிடக்கிறது. அதிலிருந்து தினமும் ஒரு தொகை கழிகிறது. எங்கள் பேக்குக்கு நாளொன்றுக்குப் பதினொன்றரை ரூபாய் சொச்சம் கழிந்துகொண்டிருந்தது. விலை ஏறிய நாள் முதல் பதின்மூன்று ரூபாய்க்கு மேல் கழியத் தொடங்கியது. மீதி இருந்த 2,450 ரூபாய் ஏழு மாதத்துக்கு வரவேண்டியது, ஆறு மாதத்தைத் தாண்டிச் சில நாட்களில் தீர்ந்துவிடும். பால்காரர் விலையைத் தொடாமல் தண்ணீரைக் கூட்டுவதைப் போன்ற ஏற்பாடு. மாதாமாதம் கட்டுகிறவருக்காவது விலை ஏறியது அடுத்த ரீசார்ஜில் தெரிந்துவிடும். நம்மைப் போல நம்பி மொத்தமாகக் கட்டியவர்களுக்குத்தான் கடைசிவரை தெரியாது. ஆண்டு முடிவதற்குள் படம் நின்றுபோனால், "அதற்குள் ஒரு வருடம் ஆகிவிட்டதா" என்று நினைத்துக்கொண்டு மறுபடியும் கட்டிவிடுவோம். எத்தனை வீட்டில் அப்படிக் கட்டியிருப்பார்களோ.

வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்தேன். பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார்.

"மேடம், உங்களிடம் நாங்கள் ஒரு ரூபாய்கூடக் கூடுதலாக வாங்கவில்லையே."

"நாட்களைக் குறைத்துவிட்டீர்களே, அதற்கு என்ன பெயர்?"

"சேனல்காரர்கள் விலையை ஏற்றிவிட்டார்கள் மேடம். எங்கள் கையில் எதுவும் இல்லை."

இந்தப் பதிலை எல்லோரிடமும் சொல்வார்கள். பாதி உண்மை என்பதால் எடுபடவும் செய்யும். ஒளிபரப்பு நிறுவனங்கள் விலையை ஏற்றுவது உண்மை. 2023 பிப்ரவரியில் புதிய விலைக்கு ஒப்புக்கொள்ளாத கேபிள் நிறுவனங்களுக்குப் பெரிய ஒளிபரப்பு நிறுவனங்கள் சிக்னலையே நிறுத்தியது பலருக்கு நினைவிருக்கும். அதனால் கேட்பவரும் "பாவம், இவர்கள் என்ன செய்வார்கள்" என்று போனை வைத்துவிடுவார். நான் விலைப் பிரிவினையைக் கேட்டு வாங்கினேன். எளிதில் தரவில்லை. மின்னஞ்சலில் எழுதிக் கேட்ட பிறகுதான் வந்தது.

நமது மாதக் கட்டணத்தில் இரண்டு பங்கு இருக்கிறது. ஒன்று, கட்டணச் சேனல்களின் விலை. மற்றொன்று, சேனல்களை வீடுவரை கொண்டுவந்து சேர்ப்பதற்கான நெட்வொர்க் கட்டணம், கணக்கில் என்.சி.எஃப். என்று இருக்கும். 2019இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் புதிய கட்டண முறை நடைமுறைக்கு வந்தபோது 100 சேனல்களுக்கு இந்தக் கட்டணம் 130 ரூபாயைத் தாண்டக் கூடாது என்று உச்சவரம்பு இருந்தது. 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 153 ரூபாய் 40 காசு. 2020இல் அதே 130 ரூபாய்க்கு 200 சேனல்கள் என்று மாற்றினார்கள். 2024 ஜூலையில் டிராய் அந்த உச்சவரம்பையே எடுத்துவிட்டது. போட்டி இருப்பதால் சந்தையே விலையைப் பார்த்துக்கொள்ளும் என்பது அவர்கள் கணக்கு. எவ்வளவு வாங்குவது என்பது இப்போது நிறுவனத்தின் விருப்பம்.

எனக்கு வந்த பிரிவினையில் 48 ரூபாய் உயர்வில் சேனல்களின் பங்கு 28 ரூபாய். மீதி 20 ரூபாய் நெட்வொர்க் கட்டணத்தில் ஏறியிருந்தது. 130 ரூபாயை 147 ஆக்கி, அதன்மேல் வரியும் போட்டிருந்தார்கள். அதாவது "எங்கள் கையில் எதுவும் இல்லை" என்று சொன்ன தொகையில் ஐந்தில் இரண்டு பங்கு அவர்களே தங்களுக்காக ஏற்றிக்கொண்டது. இதைச் சொல்லி மறுபடியும் அழைத்தபோது மறுமுனையில் பேசியவருக்கு என்.சி.எஃப். என்றால் என்னவென்றே தெரியவில்லை, அல்லது தெரியாததுபோல் இருந்துவிட்டார். மேலதிகாரியிடம் மாற்றுகிறேன் என்றார், பாட்டு ஓடியது, இணைப்பு அறுந்தது.

அடுத்து அவர்களாகவே அழைத்து ஒரு வழி சொன்னார்கள். கொஞ்சம் சிறிய பேக்குக்கு மாறிக்கொண்டால் பழைய முடிவுத் தேதியே கிடைக்குமாம். எந்தச் சேனல்கள் போகும் என்று கேட்டேன். விளையாட்டுச் சேனலும் இரண்டு திரைப்படச் சேனல்களும். அதாவது கட்டிய பணத்துக்குக் குறைந்த நாள் வேண்டுமா, குறைந்த சேனல் வேண்டுமா, நீங்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள் என்று பெருந்தன்மையோடு கேட்கிறார்கள்! இந்த அழைப்பு வந்தால் "சரி" என்று சொல்லிவிடாதீர்கள். நீங்களே கேட்டுப் பேக்கை மாற்றிக்கொண்டதாகப் பதிவாகிவிட்டால் பிறகு புகாருக்கு வலுவிருக்காது.

மீதிப் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள், வேறு நிறுவனத்துக்குப் போகிறேன் என்றும் கேட்டுப் பார்த்தேன். இருப்பில் உள்ளதைத் திருப்பித் தருவதில்லையாம். போவதும் சுலபமில்லை. செல்போனில் எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றுவதுபோல இங்கே முடியாது. ஒரு நிறுவனத்தின் செட்டாப் பாக்ஸ் இன்னொன்றுக்கு ஆகாது. எந்த நிறுவனத்துக்கும் பொருந்தும் பாக்ஸ் வேண்டும் என்று டிராய் 2020இலேயே பரிந்துரைத்தது. இன்னும் எங்கள் தெருவுக்கு அது வரவில்லை. போட்டி விலையைப் பார்த்துக்கொள்ளும் என்றவர்கள் இதையும் கொஞ்சம் பார்த்திருக்கலாம்.

புகார் கொடுக்க நினைப்பவர்களுக்கு, நான் அலைந்து தெரிந்துகொண்டவை. டிராய் தனிப்பட்ட வாடிக்கையாளர்களின் வழக்கைத் தீர்த்துவைப்பதில்லை; அங்கே எழுதி மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். முதலில் நிறுவனத்தில் புகார் எண் வாங்குங்கள். வாங்காமல் போனை வைக்காதீர்கள். அங்கே தீராவிட்டால் அவர்களுடைய நோடல் அதிகாரிக்கு, அதாவது தீராத புகார்களைக் கவனிக்கும் அதிகாரிக்கு, எழுத்தில் அனுப்புங்கள். அதன்பின் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். அவர்களால் உத்தரவிட முடியாது, ஆனால் புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். அதுவரை தூங்கிக்கொண்டிருந்த நிறுவனம் என் விஷயத்தில் அதற்குப் பிறகுதான் அசைந்தது. நல்லெண்ணத்தின் பேரில் 150 ரூபாய் வரவு வைக்கிறோம், புகாரை முடித்துக்கொள்ளுங்கள் என்றார்கள். எங்களுக்கு வரவேண்டியது ஏழு மாதத்துக்கு, மாதம் 48 வீதம், 336 ரூபாய். முடிக்க மறுத்துவிட்டேன். 150 மட்டும் கணக்கில் ஏறிவிட்டது.

இதற்குமேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். நிறுவனத்தின் தலைமையகம் எந்த ஊரில் இருந்தாலும் கவலையில்லை. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. வழக்கறிஞரும் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். ஒரு நுணுக்கம்: "நியாயமற்ற ஒப்பந்தம்" என்று எழுதினால் அது மாநில ஆணையத்துக்குரிய விஷயம் ஆகிவிடும். சேவைக் குறைபாடு, முறையற்ற வணிக நடைமுறை என்ற தலைப்பில் எழுதினால் மாவட்டத்திலேயே எடுத்துக்கொள்வார்கள். "விலைகள் மாற்றத்துக்கு உட்பட்டவை" என்று நிபந்தனைகளில் எங்கோ ஒரு வரி இருக்கிறது என்று நிறுவனம் பதில் சொல்லும், எனக்கும் சொன்னது. அதற்கு எதிராக என் கையில் இருப்பது 12 மாதம் என்று தேதியோடு வந்த அந்த எஸ்.எம்.எஸ். அதனால்தான் சொல்கிறேன், பழைய எஸ்.எம்.எஸ்.களை அழித்துவிடாதீர்கள். செயலியில் இன்று தெரியும் விலையையும் முடிவுத் தேதியையும் படம் எடுத்து வையுங்கள்.

336 ரூபாய்க்கு இவ்வளவா என்று வீட்டிலேயே கேட்டார்கள். அத்தை மட்டும் "விடாதே தாயி" என்றார்கள். மனு தயாராகிவிட்டது. அடுத்த வாரம் திருநெல்வேலி ஆணையத்தில் கொடுக்கிறேன். இனிமேல் மாதாமாதம் மட்டுமே ரீசார்ஜ் என்று வீட்டில் முடிவு செய்திருக்கிறோம். எந்த நிறுவனமாக இருந்தாலும், எத்தனை மாதம் இலவசம் என்றாலும்.