அதிர்வுமானியைக் கற்க ஏற்ற இடம் எது: பயிற்சி மையமா, ஓடும் பம்ப்பின் பக்கமா?

கடலூர் சிப்காட்டின் வேதிப்பொருள் ஆலைகளிலும், புதுச்சேரியின் சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைகளிலும் பராமரிப்புப் பிரிவினரின் கைக்கு அதிர்வுமானியும் தெர்மல் கேமராவும் பழுது விவரங்களைப் பதியும் செயலியும் வந்து சேர்கின்றன. ஐடிஐ படித்துப் பல ஆண்டுகள் ஸ்பேனர் பிடித்த பிட்டருக்கு இவற்றைக் கற்பிக்க மூன்று வழிகள் உள்ளன: கருவியை விற்றவரை அழைத்து வகுப்பு நடத்துவது, வெளியே பயிற்சி மையத்துக்கு அனுப்புவது, ஆலைக்குள்ளேயே மூத்தவரையும் இளையவரையும் இணைத்து ஓடும் இயந்திரத்தில் பழக்குவது.

முதல் வழியைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்பதை விற்பனையாளர் நன்றாகவே காட்டுவார். ஆனால் அந்த ஆலையின் பம்ப் ஏன் அதிர்கிறது என்பது அவருடைய பாடத்தில் இராது. இரவு ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போனவருக்கு அந்த அரை நாள் வகுப்பும் கிடைக்காது.

போட்டி மற்ற இரண்டுக்கும் இடையில்தான். டாடா டெக்னாலஜீஸ் நிறுவனத்துடன் இணைந்து 71 அரசு ஐடிஐகளைத் தொழில் 4.0 எனப்படும், கணினியோடு இணைந்த நவீன உற்பத்தி முறையின் தரத்துக்கு உயர்த்தும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு மேற்கொண்டது. இத்தகைய மையங்களின் பெரிய பலம், அங்கே பழுதை வேண்டுமென்றே உண்டாக்க முடியும் என்பது. சுழலியில் சிறு எடையைக் கட்டிச் சமனின்மையை வரவழைத்து, திரையில் எந்த அலைவெண் உயர்கிறது என்று பார்க்கலாம். ஓடும் ஆலையில் இதற்கு எந்த மேலாளரும் அனுமதி தரமாட்டார். ஆனால் மையத்தின் மாதிரி இயந்திரம் உறுதியான தளத்தில் நின்று, ஒரு நேரத்தில் ஒரு பழுதை மட்டுமே காட்டும். உப்புக் காற்றில் அடித்தள போல்ட்டுகள் அரித்துத் தளர்ந்த கடலூர் பம்ப்போ இரண்டு மூன்று பழுதுகளை ஒன்றாகக் கலந்து காட்டும்.

நிமிடத்துக்கு 1,480 சுற்று ஓடும் மோட்டாரை எடுத்துக்கொள்வோம். அதன் சுழற்சி அலைவெண் ஏறக்குறைய 24.7 ஹெர்ட்ஸ்; அதன் நான்கு மடங்கு 98.7. மின்சாரக் கோளாறால் எழும் அதிர்வோ 100 ஹெர்ட்ஸில் நிற்கும். நெருங்கிய அலைவெண்களைப் பிரித்துக் காட்டும் கருவியின் பகுப்புத்திறன் குறைவாக இருந்தால் இரண்டும் ஒரே முகடாகத் தெரியும், புதியவர் குழம்பிப்போவார். திரையைப் பார்த்துக்கொண்டே மின்னிணைப்பைத் துண்டிக்கச் சொல்வார் மூத்த பிட்டர்: அதிர்வு அந்தக் கணமே மறைந்தால் காரணம் மின்சாரம், வேகம் குறையக் குறைய மெல்லத் தணிந்தால் காரணம் இயந்திரம். ஸ்க்ரூடிரைவரை பேரிங்கில் ஊன்றிக் கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டுப் பழகியவருக்குத் தெரிந்த இந்த வித்தையும், இளையவருக்கு எளிதாகப் புரியும் திரையும் சந்திக்கும் இடம் ஆலைத்தளம் மட்டுமே.

தெர்மல் கேமராவில் நிலைமை தலைகீழ். பளபளக்கும் செம்பு பஸ்பார், அதாவது மின்பலகைக்குள் மின்சாரத்தைக் கடத்தும் பட்டை, வெப்பத்தை மிகக் குறைவாகவே உமிழ்வதால், சுட்டுக்கொண்டிருந்தாலும் கேமராவில் குளிர்ச்சியாகத் தெரியும். இந்த இயற்பியலைப் பாதுகாப்பான மேசையில், ஒரே தகட்டில் பாதிக்குக் கறுப்பு டேப் ஒட்டி ஒப்பிட்டுக் காட்டுவதே முறை. மின்சாரம் பாயும் பலகையைத் திறந்துவைத்துச் செய்யும் சோதனை அல்ல இது. இங்கே பயிற்சி மையத்தின் பக்கமே என் வாக்கு.

செயலிக்கு வேறொரு சிக்கல் உண்டு. தீப்பற்றும் ஆவி சூழும் பகுதிகளுக்குள் சாதாரணக் கைபேசியைக் கொண்டுபோக முடியாது, தீப்பொறி எழாதெனச் சான்று பெற்ற கருவி வேண்டும். மையத்தில் சொந்தக் கைபேசியில் கற்ற பாடம் ஆலை வாயிலிலேயே நின்றுவிடுகிறது.

ஆலைக்குள் பயிற்சி மலிவானது என்று நிர்வாகங்கள் எண்ணுவதுதான் அதற்குப் பெரிய ஆபத்து. ஷிப்ட் அட்டவணையில் அதற்கென நேரம் எழுதப்படாவிட்டால், 'வேலையோடு வேலையாக' என்ற பெயரில் அது நடக்காமலே போகும். மூத்தவரின் தவறான பழக்கமும் இளையவருக்கு அப்படியே இறங்கும். ஒப்பந்தப் பணியாளர்களை விட்டுவிட்டால், பேரிங்கை உண்மையில் கழற்றி மாட்டுகிறவர்கள் பலர் பயிற்சிக்கு வெளியே நிற்பார்கள்.

ஆகவே அதிர்வுமானியைச் சொந்தமாக வைத்திருக்கும் ஆலைகள் அடிப்படையை மட்டும் மையத்தில் சில நாள் முடித்துக்கொண்டு, மீதியைத் தங்கள் பம்ப்களின் பக்கத்திலேயே நடத்துவது நல்லது. கருவி வாங்க வசதியில்லாத சிறு பட்டறைகளுக்கு இந்தத் தெரிவு இல்லை. அவர்கள் பழகுவதற்குக் கருவி இருக்கும் ஒரே இடம் அந்த மையம்தான்.