நாயா, பூனையா? வேலைக்குப் போகிறவர் போட வேண்டிய கணக்கு

"அக்கா, வீட்டுல ஒண்ணு வளர்க்கலாம்னு இருக்கேன். நாயா, பூனையா? நீங்க ரெண்டையும் வளர்த்தவங்க, நீங்களே சொல்லுங்க" என்று எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பெண் கேட்டாள். எது அழகு, எது அறிவு என்று பேச ஆரம்பித்தால் முடிவே வராது. அதனால் நான் ஒன்றுதான் திருப்பிக் கேட்டேன்: "காலையில வீட்டைப் பூட்டினா மறுபடி எத்தனை மணிக்குத் திறப்பே?" பத்து மணி நேரம் ஆகும் என்றாள். தனியாகத்தான் இருக்கிறாள்.

என் கணக்கு அங்கிருந்துதான் தொடங்கும். பன்னிரண்டு வருடம் ஒரு நாயோடு இருந்தேன். இப்போது ஏழு வருடமாக ஒரு பூனை. இரண்டுமே என் உயிர். ஆனால் இரண்டும் என்னிடம் கேட்டது ஒன்றல்ல. நாய் என் நேரத்தைக் கேட்டது, பூனை என் கவனத்தைக் கேட்கிறது.

நாயிலிருந்து வருகிறேன். குட்டி நாய் எவ்வளவு நேரம் சிறுநீரை அடக்கும் என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு: வயது எத்தனை மாதமோ, அத்தனை மணி நேரம். இரண்டு மாதக் குட்டி என்றால் இரண்டு மணி நேரம். பத்து மணி நேரம் பூட்டிய வீட்டில் அது என்ன செய்யும்? வளர்ந்த நாய் அடக்கிக்கொள்ளும், ஆனால் அதற்கும் தினம் இரண்டு நடையாவது வேண்டும். மழை பெய்தாலும், நமக்குக் காய்ச்சல் அடித்தாலும், முந்தின இரவு வேலை முடிய ஒரு மணி ஆகியிருந்தாலும் காலை நடை நடந்தே ஆக வேண்டும்.

நடையை நான் சுமையாக நினைத்ததில்லை. எனக்குக் கஷ்டமாக இருந்தது பகல்தான். நான் வேலை மாறிய வருடம், பகலில் அதுவரை நாய்க்கு வீட்டில் இருந்த துணையும் இல்லாமல் போனது. முதல் வாரத்திலேயே வாசற்கதவின் அடிப்பகுதியில் நகக் கீறல்கள். மாதக் கடைசியில் அந்தக் கீறல்கள் விரல் பதியும் அளவுக்குப் பள்ளமாகிவிட்டன, மரத்தூள் தரையில் சிந்திக் கிடந்தது. நான் திட்டினேன். அது காதை மடக்கி, தலையைக் குனிந்து, கண்ணின் வெள்ளை தெரிய என்னைப் பார்த்தது. "செஞ்ச தப்பு தெரியுது பார்" என்று நினைத்தேன்.

அது தப்பு உணர்ந்த முகம் இல்லை என்று பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். 2009-இல் வெளியான ஓர் ஆய்வில் இதையே சோதித்திருக்கிறார்கள். அந்தக் குற்ற முகம் நாய் தப்பு செய்ததா இல்லையா என்பதைப் பொறுத்து வரவில்லை, உரிமையாளர் திட்டினாரா என்பதைப் பொறுத்துத்தான் வந்தது. எதுவுமே செய்யாத நாயைத் திட்டினாலும் அதே முகம்தான். என் நாய் கதவைக் கோபத்தில் பிராண்டவில்லை. நான் போன வழி அது, அந்த வழியாக என்னிடம் வரப் பார்த்திருக்கிறது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தொண்டை அடைக்கிறது. அப்புறம் பகலில் ஒருவர் வந்து அரை மணி நேரம் வெளியே கூட்டிப்போக ஏற்பாடு செய்தேன். கீறல் நின்றது. ஆனால் அந்தச் சம்பளமும் நாய் வளர்க்கும் செலவுதான், யாரும் முதலில் அதைக் கணக்கில் எழுதுவதில்லை.

பூனைக்கு வருவோம். அது ஒரு நாளில் பன்னிரண்டு முதல் பதினாறு மணி நேரம் தூங்குகிற பிராணி. விடியலிலும் அந்தி நேரத்திலும்தான் அதற்குச் சுறுசுறுப்பு. நாம் வேலைக்குப் போகும் நேரமும் அது தூங்கும் நேரமும் பெரும்பாலும் பொருந்திவிடுகின்றன. நடைக்குக் கூட்டிப்போக வேண்டாம், மணல் தட்டு ஒன்று வைத்தால் போதும், தோண்டி மூடும் பழக்கம் அதன் ரத்தத்திலேயே இருக்கிறது. இதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் பலர் பூனை சுலபம் என்கிறார்கள்.

அந்தச் சொல்லை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பூனை வலியைக் காட்டாது. நாய் நொண்டும், முனகும், நம் காலடியில் வந்து விழும். பூனை ஓர் ஓரமாகப் போய் உட்கார்ந்துகொள்ளும், அவ்வளவுதான். ஒரு நாள் சாயங்காலம் நான் வீட்டிலிருந்தே அலுவலகக் கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தேன். என் பூனை மணல் தட்டுக்குப் போனான், வந்தான், மறுபடி போனான். ஐந்தாவது முறை போனபோதுதான் எழுந்து பார்த்தேன். மணல் காய்ந்தே கிடந்தது, ஒரு சொட்டு ஈரம் இல்லை. ஆண் பூனைகளுக்குச் சிறுநீர்க் குழாய் மிகவும் குறுகலானது. அது அடைத்துக்கொண்டால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, ஓரிரு நாளில் உயிரே போய்விடலாம். அன்று இரவே மருத்துவர் குழாய் போட்டு எடுத்தார். பிழைத்துக்கொண்டான். அன்றிலிருந்து தினமும் தட்டை அள்ளும்போது, சிறுநீர் பட்டு மணல் கட்டிய உருண்டைகளை எண்ணுகிறேன். எத்தனை, என்ன அளவு என்று பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது, ஆனால் அந்த ஒரு நிமிடத்தை ஒரு நாளும் விடக் கூடாது.

பணம் என்று பார்த்தால், முதலில் விலங்கின் எடையைப் பாருங்கள். முப்பது கிலோ நாய்க்கும் நாலு கிலோ பூனைக்கும் சாப்பாட்டில் மட்டும் வித்தியாசம் வருவதில்லை. குடற்புழு மாத்திரை, உண்ணி மருந்து, மயக்க மருந்து எல்லாமே எடைக்குத் தகுந்தபடிதான். பூனைக்கு மணல் என்று ஒரு செலவு மாதா மாதம் வரும், ஆயுள் முழுக்க நிற்காது. தடுப்பூசி, கருத்தடை இரண்டுக்கும் பொது. ஊருக்குப் போனால் பூனைக்கு யாராவது தினமும் வந்து பார்த்துவிட்டுப் போனால் போதும், நாயை எங்காவது விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். மாதச் செலவில் பூனை குறைவுதான், சந்தேகமில்லை. ஆனால் நான் சொன்ன அந்த ஒரு ராத்திரிக்கு ஆன செலவு, அவனுடைய ஒரு வருடச் சாப்பாட்டுச் செலவைத் தாண்டியது. எதை வளர்த்தாலும் மாதம் ஒரு தொகையைத் தனிக் கணக்கில் போட்டுவையுங்கள், அதை வேறு எதற்கும் தொடாதீர்கள்.

சாப்பாட்டில் மிச்சம் பிடிக்க நினைத்து நாய் உணவையே பூனைக்கும் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். பூனைக்கு டாரின் என்ற சத்து சாப்பாட்டிலிருந்தே வர வேண்டும், தேவையான அளவு அதன் உடம்பால் உண்டாக்கிக்கொள்ள முடியாது. அது குறைந்தால் கண் பார்வை போகும், இதயம் வீங்கும். இதயத்தோடு உள்ள தொடர்பைக் கண்டுபிடித்ததே 1987-இல்தான். அதேபோல, நமக்குச் சாதாரணமான பாராசிட்டமால் பூனைக்கு விஷம், சாக்லேட்டும் திராட்சையும் நாய்க்கு ஆகாது. எந்த வீட்டிலும் இவை கை எட்டும் தூரத்தில் இருக்கும்.

பாசத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பூனைக்கு வீடுதான் முக்கியம், ஆள் முக்கியமில்லை என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வளர்ந்த பூனைகள் தங்களுக்குள் 'மியாவ்' என்று கத்திக்கொள்வது அபூர்வம். அந்தக் குரலை அவை பெரும்பாலும் மனிதரிடம்தான் பயன்படுத்துகின்றன. நாம் மெதுவாகக் கண்ணை மூடித் திறந்தால் பூனையும் அப்படியே செய்யும், நம்மிடம் நெருங்கியும் வரும் என்று 2020-இல் வந்த ஆய்வு காட்டியது. நானும் செய்து பார்த்தேன், என் பூனை பதில் சொல்லாமல் விட்ட நாள் குறைவு. என்றாலும் கதவு திறந்ததும் உடம்பு முழுக்க வாலாக மாறி ஓடி வருகிற அந்த வரவேற்பு பூனையிடம் கிடைக்காது. அது வேண்டும் என்று ஏங்குகிறவர் பூனையை வாங்கி ஏமாறக் கூடாது, அது பூனைக்கும் நல்லதில்லை.

சரி, அந்தப் பெண்ணுக்கு என்ன சொன்னேன்? பத்து மணி நேரம் பூட்டிய வீடு என்றால் நாய் வேண்டவே வேண்டாம் என்றேன். வீட்டிலிருந்தே வேலை, அல்லது பகலில் இன்னொருவர் இருக்கிறார் என்றால் தயங்காமல் நாய் என்று சொல்லியிருப்பேன். பூனையிலும் ஒற்றைக் குட்டி வேண்டாம், அது தனிமையில் பொழுது போகாமல் வீட்டைப் புரட்டிவிடும். கூடப் பிறந்த இரண்டு குட்டிகள், இல்லையென்றால் வளர்ந்த பூனை ஒன்று. வளர்ந்த பூனையின் குணம் நமக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும், அது தூங்கும் நேரமும் பழகியிருக்கும்.

நாலு வயதுப் பூனை ஒன்றைக் காப்பகத்திலிருந்து கூட்டி வந்திருக்கிறாள். மூன்று நாள் கட்டிலுக்கு அடியை விட்டு அது வெளியே வரவில்லை, நான் ஏதாவது தப்பா பண்றேனா அக்கா என்று தினமும் கேட்டாள். எதுவும் பண்ணாதே, கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து உன் வேலையைப் பார் என்றேன். நேற்று மதியம் ஒரு படம் அனுப்பினாள். மடிக்கணினிக்குப் பக்கத்தில் ஒரு சாம்பல் நிறக் கால் மட்டும் நீண்டிருந்தது. கூடவே ஒரு வரி: "அக்கா, இன்னிக்கு ரெண்டு உருண்டை, நல்ல சைஸ்."