மஸ்கட்டைச் சுற்றிப் பார்த்தல்: முத்ரா துறைமுகத்திலிருந்து சுல்தான் காபூஸ் பெரிய பள்ளிவாசல் வரை

வளைகுடா நாடுகளின் தலைநகரங்களைப் பார்க்கப் புறப்படுகிறவர்கள் கண்ணாடிக் கோபுரங்களையும் பேரங்காடிகளையும் மனத்தில் வைத்துக்கொண்டு போவது வழக்கம். ஓமன் நாட்டின் தலைநகரான மஸ்கட் அந்த எதிர்பார்ப்புக்கு இடம் கொடுக்காத ஊர். ஒரு பக்கம் புல் முளைக்காத ஹஜர் மலைகளும் மறுபக்கம் ஓமன் வளைகுடாவும் நெருக்க, இடையில் கிடைத்த நிலத்தில் வெள்ளையும் சந்தன நிறமுமான தாழ்ந்த கட்டடங்கள் கரையோரமாக நீண்டுகொண்டே போகின்றன. கட்டடங்களின் உயரமும் நிறமும் கட்டுக்குள் வைக்கப்பட்டிருப்பதால் கோட்டைகளும் பள்ளிவாசல் மினார்களும்தான் இன்றும் முதலில் கண்ணில் படுகின்றன. அரபுக் கடலோரத் தலைநகரங்களில் வரலாற்றையும் கலையையும் பார்ப்பதற்காக ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் தயங்காமல் மஸ்கட்டைச் சொல்வேன். ஆனால் எதை முதலில் பார்ப்பது, எதற்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவது என்பதைப் பொறுத்தே அந்த ஊர் ஒருவருக்குப் பிடிப்பதும் பிடிக்காமல் போவதும் அமைகிறது.

சுற்றுலா நிறுவனங்கள் நடத்தும் அரைநாள் பயணங்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். அப்படி ஒன்றில் நான் சேர்ந்தபோது, காலையில் பெரிய பள்ளிவாசலில் இறக்கிவிட்டு, அங்கிருந்து அவசரமாக அரண்மனை வாசலுக்குக் கூட்டிச்சென்று படம் எடுக்கச் சொல்லி, கடைகள் நண்பகல் அடைப்புக்குத் தயாராகும் நேரத்தில் முத்ரா சந்தையில் கொண்டுபோய் விட்டார்கள். தேசிய அருங்காட்சியகம் அரண்மனைக்கு எதிரிலேயே இருந்தும் உள்ளே போக நேரம் தரப்படவில்லை. இது ஒரு நிறுவனத்தின் குறை மட்டுமன்று. நகரின் எல்லாக் காட்சிகளையும் ஒரு முற்பகலுக்குள் அடக்க நினைக்கும் எந்தத் திட்டமும் இப்படித்தான் முடியும். பள்ளிவாசல் ஒரு காலைக்கு, பழைய நகரம் ஒரு முழு நாளுக்கு என்று பிரித்துக்கொள்வதே நல்லது. அதிலும் பழைய நகரத்தை முதலில் பார்த்துவிடவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஓமன் கடலால் வாழ்ந்த நாடு என்பது மனத்தில் பதிந்த பிறகு பார்த்தால்தான் பள்ளிவாசலின் கல்லும் கம்பளமும் சரவிளக்கும் எங்கெங்கிருந்து வந்து சேர்ந்தன என்பது வெறும் தகவலாக நில்லாமல் பொருள்படும்.

தொடங்கவேண்டிய இடம் முத்ரா. துறைமுகத்தை ஒட்டியுள்ள மீன் சந்தைக்குக் காலையிலேயே போய்விடுவது நலம். நார்வே நாட்டின் ஸ்னோஹெட்டா நிறுவனம் வடிவமைத்து 2017-இல் திறக்கப்பட்ட இந்தக் கட்டடத்தின் கூரை, நீண்ட அலுமினியப் பட்டைகளால் அலைபோல வளைந்து அமைந்திருக்கிறது. வெயிலைத் தடுத்துக் காற்றை மட்டும் உள்ளே விடும் ஏற்பாடு அது. வஞ்சிரம், சூரை, மத்தி, களவா என்று நம் கடற்கரைகளில் பார்த்துப் பழகிய மீன்களே பலகைகளில் கிடப்பதைப் பார்க்கும்போது, அரபிக்கடலின் இரு கரைகளுக்கும் உள்ள உறவை யாரும் தனியாக எடுத்துச் சொல்லத் தேவையில்லை. தரை ஈரமாக இருக்கும் என்பதால் வழுக்காத செருப்பு வேண்டும்.

மீன் சந்தையிலிருந்து கடற்கரைச் சாலையில் நடந்தால் பழைய வணிகர் வீடுகளின் மர மாடங்களும், லவாத்தியா என்னும் ஷியா முஸ்லிம் வணிகச் சமூகத்தினர் வாழும் மதில் சூழ்ந்த குடியிருப்பும் வரும். அது மக்கள் வாழும் இடம், காட்சிப் பொருள் அன்று. மதிலுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவதே மரியாதை. அதன் அருகில்தான் முத்ரா சந்தையின் நுழைவாயில். சரக்குக் கப்பல் போக்குவரத்து முழுவதும் 2014-இல் சொஹார் துறைமுகத்துக்கு மாற்றப்பட்ட பிறகு இந்தத் துறைமுகத்துக்குப் பெரும்பாலும் உல்லாசக் கப்பல்களே வருகின்றன. அப்படி ஒரு கப்பல் நிற்கும் காலையில் சந்தைக்குள் போனால் ஆயிரக்கணக்கானோரின் நெரிசலும் உயர்ந்த விலையும்தான் மிஞ்சும். மாலை நான்கு மணிக்கு மேல், கப்பல் பயணிகள் திரும்பிய பின், உள்ளூர்க் குடும்பங்கள் துணியும் நகையும் வாங்க வரும் நேரமே சந்தையின் உண்மையான நேரம்.

முகப்பில் உள்ள கடைகளைப் பற்றி உள்ளதைச் சொல்லிவிடவேண்டும். அங்கே தொங்கும் சால்வைகளிலும் விளக்குகளிலும் பொம்மைகளிலும் பெரும்பகுதி ஓமனில் செய்தவை அல்ல. அதற்காகவே சந்தை தன் தன்மையை இழந்துவிட்டது என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. மர விட்டங்கள் தாங்கும் கூரையின் கீழ் பக்கவாட்டுச் சந்துகளில் திரும்பினால் வெள்ளி வேலை செய்த கஞ்சர் என்னும் வளைகத்திகளும், ஆண்கள் அணியும் கும்மா தொப்பிகளும், மூட்டை மூட்டையாகப் பறங்கிச் சாம்பிராணியும் கிடைக்கும். இந்தச் சாம்பிராணி தெற்கே தோபார் பகுதியின் வறண்ட மலைகளில் வளரும் மரங்களின் பட்டையைக் கீறி, வடியும் பால் இறுகிய பின் சுரண்டி எடுப்பது. வாங்குகிறவர்கள் பொதி செய்த பெட்டியை எடுக்காமல், திறந்த மூட்டையிலிருந்து கட்டிகளை உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். பச்சை ஓடிய வெண்மையும், உள்ளே ஒளி புகும் தெளிவும் இருந்தால் அது ஹோஜரி என்னும் முதல் தரம். மங்கிய பழுப்பும் தூளும் கலந்திருந்தால் மலிவானது. நான் நின்ற கடையில் முதியவர் ஒருவர் இரண்டு தரத்தையும் அடுத்தடுத்துத் தணலில் இட்டுக் காட்டினார். முதல் தரத்தின் புகை மெலிதாகவும் எலுமிச்சைத் தோலின் மணத்தோடும் எழுந்தது. மற்றது உடனே கறுத்துக் கண்ணைக் கரித்தது. பேரம் பேசலாம்; ஆனால் பாதி விலைக்குக் கேட்பதைக் கடைக்காரர்கள் விரும்புவதில்லை.

இந்தச் சந்தையில் குஜராத்தி வணிகர்களின் பெயர்ப்பலகைகளைப் பார்த்து வியக்க வேண்டியதில்லை. அவர்கள் நூற்றாண்டுகளாக இங்கே இருக்கிறார்கள். இந்திய ரிசர்வ் வங்கி 1959-இல் வளைகுடாவுக்கென்று தனியாக வெளியிட்ட ரூபாய் ஓமனில் 1970 வரை புழங்கியது. இன்றைய ஓமன் ரியால் ஆயிரம் பைசா கொண்டது. அமெரிக்க டாலரைவிட இரண்டரை மடங்குக்கும் கூடுதல் மதிப்புள்ளது. விலைப்பட்டியலில் சிறிய எண்ணைப் பார்த்து மலிவு என்று எண்ணிவிடக் கூடாது.

முத்ராவிலிருந்து குன்றுகளைக் கடந்தால் மதிலுக்குள் அடங்கிய பழைய மஸ்கட். 1507-இல் அல்புகர்க்கின் தலைமையில் வந்த போர்த்துகீசியர் இந்தத் துறைமுகத்தைக் கைப்பற்றினர். 1650-இல் ஓமனின் ஆட்சியாளரான இமாம் சுல்தான் பின் சைஃபின் படை அவர்களை வெளியேற்றியது. போர்த்துகீசியர் 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுப்பிய ஜலாலி, மிரானி என்னும் இரு கோட்டைகள் துறைமுகத்தின் இரு பக்கப் பாறைகளிலும் இன்றும் நிற்கின்றன. 1970-இல் சுல்தான் காபூஸ் ஆட்சிக்கு வரும்வரை இரவில் மிரானிக் கோட்டையின் பீரங்கி முழங்கியதும் நகர வாயில்கள் அடைக்கப்பட்டன. அதற்குப் பிறகு தெருவில் நடப்பவர் கையில் விளக்கு ஏந்தவேண்டும் என்பது சட்டமாக இருந்தது. இப்படிப்பட்ட கோட்டைகளுக்குள் சாதாரணப் பயணி ஏறிப் பார்க்க முடியாமல் வெளியிலிருந்தே பார்த்துத் திரும்பியது எனக்குப் பெரிய ஏமாற்றம். அந்தக் குறையை ஓரளவு தீர்ப்பது முத்ரா கோட்டை. அதன் படிகளில் ஏறினால் துறைமுகம் முழுவதும் தெரியும். 1972-இல் கட்டிய அல் ஆலம் அரண்மனையையும் வாயிலருகில் நின்றுதான் பார்க்கவேண்டும். நீலமும் பொன்னிறமுமான அதன் தூண்களைப் பார்க்கப் பத்து நிமிடம் போதும்.

அரண்மனைக்கு எதிரே 2016-இல் திறக்கப்பட்ட தேசிய அருங்காட்சியகத்துக்கு அரை நாளாவது கொடுக்கவேண்டும். பதினான்கு நிலையான காட்சிக்கூடங்கள் உள்ள இதில் சுமேரியர் மகான் என்று குறித்த செம்பு நாட்டின் காலம் முதல், சாம்பிராணி வணிகம், கிழக்கு ஆப்பிரிக்கத் தீவான சான்சிபார் வரை நீண்ட கடல் ஆட்சி, அண்மைக்கால மறுமலர்ச்சி வரை அனைத்தும் பொறுமையாக எடுத்துச் சொல்லப்பட்டுள்ளன. ஒளி அமைப்பும் விளக்கப் பலகைகளும் தரமானவை. பார்வையற்றோருக்காக அரபு பிரெயில் எழுத்தில் விளக்கங்கள் பொறித்திருப்பது இந்த நிறுவனத்தின் அக்கறையைக் காட்டுகிறது. கடல்சார் கூடத்தில் நான் மிக நீண்ட நேரம் நின்றேன். சற்றுத் தொலைவில் உள்ள பைத் அல் சுபைர், 1998-இல் திறந்த தனியார் அருங்காட்சியகம். உடை, வெள்ளி நகை, கத்தி ஆகியவற்றில் ஆர்வமுள்ளவர்களுக்கு மட்டும் அது தேவைப்படும்.

அதே பகுதியில் நூறாண்டுகளுக்கும் மேலான சிவன் கோயில் ஒன்று உண்டு. சுல்தானின் அரண்மனைக்கு இவ்வளவு அருகில் மணியோசையும் தீபாராதனையும் தடையின்றி நடப்பது, இஸ்லாத்தின் ஒரு பிரிவான இபாதி மரபைச் சேர்ந்த இந்த நாட்டின் சகிப்புத்தன்மைக்கு நான் அறிந்த மிகச் சிறந்த சான்று. மகா சிவராத்திரியன்று இங்கே பெருங்கூட்டம் கூடும்.

பழைய நகரத்திலிருந்து தெற்கே அல் புஸ்தான் நோக்கிச் சென்றால், சாலை வட்டத்தின் நடுவே சொஹார் என்னும் பாய்மரக் கப்பல் நிற்கும். பலர் வண்டியிலிருந்தபடியே பார்த்துவிட்டுப் போகும் இதை இறங்கிப் பார்க்கவேண்டும். கடற்பயண ஆய்வாளரும் எழுத்தாளருமான டிம் செவெரின் தலைமையில் 1980-இல் மஸ்கட்டிலிருந்து புறப்பட்டு 1981-இல் சீனாவின் காண்டன் (இன்றைய குவாங்சோ) துறைமுகத்தை அடைந்த கப்பல் இது. சூர் என்னும் ஓமன் துறைமுகத்தில், நம் மலபாரிலிருந்து கொண்டுவந்த மரத்தால், ஓர் இரும்பாணிகூட இல்லாமல் கட்டப்பட்டது. பலகையின் விளிம்பில் வரிசையாகத் துளையிட்டு, தென்னை நார்க் கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துத் தைத்த தையலை அருகில் நின்றால் பார்க்கலாம். பழைய அரபு மாலுமிகள் இப்படித் தைத்த மரக்கலங்களில்தான் இந்தியப் பெருங்கடலைக் கடந்தார்கள்.

இவற்றையெல்லாம் பார்த்த மறுநாள் காலை சுல்தான் காபூஸ் பெரிய பள்ளிவாசலுக்குச் செல்லலாம். முஸ்லிம் அல்லாதவர்களுக்கு வெள்ளிக்கிழமை தவிர்த்த மற்ற நாட்களின் முற்பகலில் மட்டுமே அனுமதி என்பதால் கதவு திறக்கும் நேரத்துக்கே போய்விடுவது நல்லது. பெண்கள் தலைமுடி, கை, கால் ஆகியவற்றை முழுவதும் மறைக்கவேண்டும். ஆண்கள் முழுக்கால் சட்டை அணியவேண்டும். வாயிலில் இதைக் கண்டிப்பாகப் பார்க்கிறார்கள். 1995-இல் பணி தொடங்கி 2001-இல் திறக்கப்பட்ட இந்தப் பள்ளிவாசலுக்கு மூன்று லட்சம் டன் இந்திய மணற்கல் பயன்பட்டது. ஐந்து மினார்களில் நடுவிலுள்ளது ஏறத்தாழ 90 மீட்டர் உயரம். வளாகம் முழுவதும் சேர்த்து 20,000 பேர் தொழலாம்.

முதன்மைத் தொழுகைக் கூடத்தின் கம்பளம் ஈரானிய நெசவாளர்கள் நான்கு ஆண்டுகள் முடிச்சிட்டு உருவாக்கியது. 4,343 சதுர மீட்டர் பரப்பு, 21 டன் எடை, 170 கோடி முடிச்சுகள், 28 வண்ணங்கள். அபுதாபியின் ஷேக் சாயித் பள்ளிவாசலில் இதைவிடப் பெரிய கம்பளம் விரிக்கப்படும்வரை உலகிலேயே பெரியது இதுதான். பார்வையாளர்கள் நடப்பதற்கென்று மேலே ஒரு விரிப்பு போட்டிருக்கிறார்கள். அதன் ஓரத்தில் குனிந்து பார்த்தால் ஒரு கையகல இடத்துக்குள் எத்தனை நிறங்கள் மாறுகின்றன என்பது புரியும். மேலே 14 மீட்டர் உயரச் சரவிளக்கு. எல்லாரும் அதையே அண்ணாந்து பார்க்கிறார்கள். எனக்கோ வெளித் தாழ்வாரங்கள்தான் அதைவிடப் பிடித்தன. இஸ்லாமிய உலகின் வெவ்வேறு நாட்டு ஓட்டு வேலைப்பாடுகள் மாடங்களில் அணி வகுத்திருக்கும் அந்த நிழல் நடையில் அவசரமின்றி ஒரு சுற்று வரவேண்டும். வெளியேறும் முன் இஸ்லாமியத் தகவல் மையத்தில் பேரீச்சம்பழமும் ஏலக்காய் மணக்கும் கஹ்வா என்னும் அரபுக் காப்பியும் தந்து உபசரிப்பார்கள்; கேள்விகளுக்கு அன்போடு விடை சொல்வார்கள்.

ஷாத்தி அல் குரும் பகுதியிலுள்ள ராயல் ஓபரா ஹவுஸ் 2011-இல் பிளாசிடோ டொமிங்கோ நடத்திய டூராண்டோட் ஓபராவோடு திறக்கப்பட்டது. சுமார் 1,100 இருக்கைகள். பகலில் கட்டடத்தைச் சுற்றிக் காட்டும் வழிநடைப் பயணம் சுருக்கமானது. மர வேலைப்பாட்டை மட்டும் பார்த்துத் திரும்ப நேரிடும். நிகழ்ச்சி இருக்கும் பருவத்தில் சென்றால் மலிவான இருக்கையாவது முன்பதிவு செய்து ஒரு மாலை உட்கார்ந்து கேட்பதே சிறந்தது. அங்கேயும் உடைக் கட்டுப்பாடு உண்டு.

நகரின் பெருங்குறை நடந்து போக முடியாததே. விமான நிலையமும் பள்ளிவாசலும் ஓபராவும் முத்ராவும் ஒரே நெடுஞ்சாலையில் வெகு தொலைவு பரந்து கிடக்கின்றன. மவாசலாத் என்னும் அரசுப் பேருந்துகள் சுத்தமானவை, மலிவானவை. ரூவி என்னும் நகர்ப்பகுதியிலிருந்து முத்ரா வழியாகப் பழைய மஸ்கட்டுக்கும், நெடுஞ்சாலை வழியாகப் பள்ளிவாசல் பக்கமும் செல்கின்றன. குடும்பமாகச் செல்பவர்கள் செயலி வழி டாக்சி அழைப்பது நல்லது. தெருவில் கை காட்டி ஏறினால் கட்டணத்தை முதலிலேயே பேசிக்கொள்ளவேண்டும். அக்டோபர் இறுதி முதல் மார்ச் வரைதான் பகலில் வெளியே நடமாட ஏற்ற காலம். ஜூன் மாதத்தில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும். ரமலான் மாதத்தில் பகலில் பொது இடங்களில் உண்பதும் பருகுவதும் கூடாது. அருங்காட்சியகங்களின் நேரமும் குறைந்துவிடும். ஆகவே பயணச்சீட்டு எடுக்கும் முன் அந்த ஆண்டின் நோன்புக் காலத்தைப் பார்த்துக்கொள்வது அவசியம்.