கொழும்பில் ஓர் இரவு நேர மிருக கிளினிக்: மூன்று நாள் பார்த்ததில் நல்லதும் குறையும்

எங்கள் கடுவன் பூனை கறுப்பனுக்கு நான்கு வயது. போன மாதம் ஒரு ஞாயிறு இரவு பதினொன்றரை இருக்கும், மணல் தட்டில் குந்துவதும் எழும்புவதும் கத்துவதுமாக இருந்தான், பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை. அம்மா, "மலச்சிக்கல்தான், கொஞ்சம் தேங்காய் எண்ணெய் பருக்கிவிடு, விடிய டொக்டரிடம் கொண்டுபோவோம்" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. அப்பா, நோவுக்குப் பனடோலில் கால் துண்டு கொடுப்போமா என்று கேட்டார். இரண்டையும் செய்யாமல் முதலில் கோல் எடுத்ததால்தான் அவன் இப்போது யன்னல் ஓரத்தில் படுத்திருக்கிறான்.

கிளினிக்கின் பெயரை எழுதவில்லை. குறைகளும் சொல்லப் போகிறேன், நான் பார்த்ததோ மூன்று நாள் மட்டும்தான். வெள்ளவத்தையில் இருந்து அந்த நேரத்தில் ஆட்டோவில் பதினைந்து நிமிடம்.

இவர்களிடம் எனக்கு மிகவும் பிடித்தது அந்தத் தொலைபேசி அழைப்புத்தான். எடுத்தவர் சிங்களத்தில் தொடங்கி, நான் தடுமாறியதும் தமிழுக்கு மாறினார். "கொண்டு வாங்கோ பார்ப்போம்" என்று பொதுவாகச் சொல்லவில்லை, ஒவ்வொன்றாகக் கேட்டார்: ஆணா பெண்ணா, கடைசியாகச் சலம் போனது எப்போது, தட்டில் மண் நனைந்திருக்கிறதா, சத்தி எடுத்தானா, ஏதாவது மருந்து கொடுத்தீர்களா. போய்ப் பார்த்தேன், காலையில் மாற்றிய மண் அப்படியே காய்ந்து கிடந்தது. "அப்படியென்றால் இது மலச்சிக்கல் இல்லை அக்கா, சலம் அடைத்திருக்கிறது, விடியும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், வயிற்றை அமத்தவும் வேண்டாம், இப்போதே வாங்கோ" என்றார். பனடோலைப் பற்றி நான் கேட்டதும் குரலே மாறிவிட்டது. பரசிட்டமோலை உடைத்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவாம், ஒரு 500 மில்லிகிராம் குளிசையே ஒரு பூனையைக் கொல்லப் போதும், முரசு (பல் ஈறு) கபில நிறமாகி, முகமும் பாதங்களும் வீங்கி, இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுபோக முடியாமல் போய்விடும். எந்த வீட்டு லாச்சியிலும் பனடோல் இருக்கிற ஊர் இது, அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

போய்ச் சேர்ந்தபோது எங்களுக்கு முன் இரண்டு பேர். அடுத்ததாக நாங்கள் என்று நின்ற நேரத்தில் ஒரு ஜேர்மன் ஷெப்பர்டைத் தூக்கிக்கொண்டு ஒரு குடும்பம் வந்தது, எல்லோரையும் தாண்டி அதை நேரே உள்ளே கொண்டுபோனார்கள். எனக்குக் கோபம் வந்ததை மறைக்கவில்லை. பிறகு அங்கிருந்த தாதி சொன்னார், அந்த நாய் சத்தி எடுக்க முயன்று முயன்று நுரை மட்டும்தான் வந்ததாம், வயிறு மேளம்போல வீங்கியிருந்ததாம். நெஞ்சு ஆழமான பெரிய நாய்களுக்கு இரைப்பை காற்றால் உப்பி முறுகிக்கொள்ளும், சத்திர சிகிச்சைக்கு மணிக்கணக்கில் தாமதித்தால் பிழைக்காது. அவர் அதைச் சொன்ன பிறகு எனக்குப் பேச்சில்லை. வந்த ஒழுங்கில் பார்க்காமல் ஆபத்தின் ஒழுங்கில் பார்ப்பதுதான் சரி, ஆனால் அப்படித்தான் செய்வோம் என்று தமிழிலும் சிங்களத்திலும் ஒரு அறிவித்தல் சுவரில் ஒட்டினால் நல்லது.

கறுப்பனுக்கு முதலில் இரத்தம் எடுத்துப் பொட்டாசியம் பார்த்தார்கள், இதயத் துடிப்பையும் பார்த்தார்கள். சலம் வெளியேறாவிட்டால் பொட்டாசியம் ஏறி இதயமே நின்றுவிடலாம், ஒரு நாள் இரண்டு நாளிலேயே உயிர் போகும் விஷயம் இது. கடுவன் பூனையின் சலக்குழாய் மிக ஒடுக்கம், மணல்போன்ற படிகங்களோ சளிபோன்ற கட்டியோ போய் அடைத்துக்கொள்கிறது. மயக்கம் கொடுத்துக் குழாய் விட்டு அடைப்பை எடுத்தார்கள், சேலைன் ஏற்றினார்கள், மூன்று இரவு வைத்திருந்தார்கள். ஒவ்வொரு நாளும் இரண்டு தடவை போய்ப் பார்க்க விட்டார்கள்.

இரண்டாம் நாள் டொக்டர், என் அம்மாவின் கையைப் பிடித்துக் கறுப்பனின் உதட்டைத் தூக்கிக் காட்டினார். முரசை விரலால் அமத்தி விட்டால் வெளிறி, இரண்டு செக்கனுக்குள் மறுபடி இளஞ்சிவப்பாக வர வேண்டும். வெள்ளையாகவே இருந்தால் இரத்தம் போகிறது அல்லது உடலில் இரத்த ஓட்டம் விழுந்துவிட்டது, நீலம் என்றால் மூச்சுக்குத் திணறுகிறது, மஞ்சள் என்றால் ஈரலையோ இரத்தத்தையோ பார்க்க வேண்டும். நாய் வைத்திருப்பவர்கள் இதை உண்ணிக் காய்ச்சலுக்காகவே பழக வேண்டும் என்றார், வெளிறிய முரசும் கோப்பி நிறச் சலமும் கண்டால் அன்றைக்கே ஓடி வர வேண்டுமாம். 38.5 பாகை என்றால் எங்களுக்குக் காய்ச்சல், நாய்க்கும் பூனைக்கும் அது சாதாரணம் என்பதையும் அன்றுதான் அறிந்தேன். அப்புறம் பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் ஒருபோதும் பொறுக்கக் கூடாது. சித்திரை வெயிலில் நாய் மயங்கினால் ஐஸ் தண்ணீர் வேண்டாம், சாதாரணத் தண்ணீரை ஊற்றி, காற்றாடிக்குக் கீழே வைத்து, உடனே கொண்டுவர வேண்டும். வலிப்பு வந்தால் வாய்க்குள் கையோ கரண்டியோ வைக்காமல் மணிக்கூட்டைப் பார்க்க வேண்டும், ஐந்து நிமிடம் தாண்டினால் அவசரம். காத்திருந்தவர்கள் இருந்தும் அவசரப்படாமல் இவ்வளவையும் சொன்னார்.

இனிக் குறைகள். காத்திருக்கும் இடத்தில் நாயும் பூனையும் ஒன்றாகத்தான், நோயில் இருக்கிற பூனைக்கு அது பெரிய கொடுமை, நான் கூடையைத் துவாயால் மூடி மூலையில் நின்றேன். முற்பணம் கட்டச் சொன்ன நேரத்தில் கார்ட் இயந்திரம் வேலை செய்யவில்லை, தம்பி நள்ளிரவில் ஏரிஎம் தேடிப் போனான். மொத்தச் செலவு என் மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல். ஆனால் என்னென்ன செய்வார்கள், எவ்வளவு வரும் என்று முன்பே எழுதித் தந்ததால் அதில் எனக்கு மனக்குறை இல்லை. காலை எட்டு மணிக்கு ஆள் மாறும் நேரத்தில் ஒருவரும் தொலைபேசி எடுப்பதில்லை, மூன்று நாளும் அப்படித்தான்.

பெரிய குறை, வீட்டுக்கு விடும்போது தந்த அறிவுறுத்தல் தாள் முழுக்க ஆங்கிலத்தில். பகலில் கறுப்பனோடு இருப்பது அம்மா. அவருக்கு அதில் ஒரு வரியும் விளங்காது, அடைப்பு மறுபடி வரக்கூடியது வேறு. கேட்டதற்கு, சிங்களத்தில் இருக்கிறது, தமிழில் இல்லை என்றார்கள். அன்றிரவு நானே தமிழில் எழுதிப் பிரிட்ஜில் ஒட்டினேன்: ஈர உணவு, வீட்டில் மூன்று இடத்தில் தண்ணீர், தினமும் மண் நனைந்திருக்கிறதா என்று பார்ப்பது, நனையாவிட்டால் எனக்கு முதல் கிளினிக்குக்குக் கோல். மறுபடி காட்டப் போனபோது அதில் ஒரு பிரதியை அவர்களிடம் கொடுத்தேன், டொக்டர் வாசிக்கச் சொல்லிக் கேட்டு இரண்டு இடத்தில் திருத்தினார். அடுத்த வாரம் போகும்போது அது கவுண்டரில் இருக்கிறதா என்று பார்த்து இங்கே சேர்க்கிறேன்.