பஞ்சு சீட்டா, கட்டி சீட்டா?

சைக்கிள் வாங்கின முதல் மாதமே, கூட வந்த சீட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, பஞ்சு மாதிரி மெத்தென்ற ஜெல் சீட் ஒன்றை மாட்டினேன். விரலால் அமுக்கினால் முதல் கணு வரை உள்ளே போகும். நாகர்கோவில் வடசேரியிலிருந்து சுசீந்திரம் வரை ராஜபோகம்தான். கன்னியாகுமரி போய்த் திரும்பினால் கதை வேறு. மொத்தம் நாற்பது கிலோமீட்டர்தான், அதற்குள் நடுப்பகுதி மரத்துப்போய், தொடையின் உள்பக்கம் உரசிச் சிவந்திருக்கும்.

இப்போது ஓட்டுவது நடுவில் பள்ளம் வெட்டிய, கட்டியான, 143 மி.மீ. அகல சீட். ஆறேழு மாதமாக ஓட்டுகிறேன், இனி மாற்றுகிற எண்ணம் இல்லை. அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்று முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

விலை, எடை, நிறம் எல்லாம் இருக்கட்டும். தீர்ப்புச் சொல்வது ஒன்றே ஒன்று, அகலம்.

மரப் பெஞ்சில் உள்ளங்கையை அடியில் வைத்து உட்கார்ந்தால் இரண்டு எலும்பு முண்டுகள் குத்துமே, சைக்கிளில் நம் பாரம் இறங்க வேண்டியது அவற்றின் மேல்தான். இரண்டுக்கும் இடையிலான தூரம் பெரும்பாலானோருக்கு 100-லிருந்து 150 மி.மீ.க்குள் இருக்கும். ஆள் பருமனைப் பார்த்து இதைக் கணிக்க முடியாது. பஞ்சு சீட்டில் அந்த முண்டுகள் அமுங்கி இறங்கிவிடுகின்றன. இறங்கிய அளவுக்கு நடுவில் பஞ்சு மேலே பிதுங்கி, நரம்பும் ரத்தக்குழாயும் ஓடுகிற மென்மையான இடத்தை நெருக்குகிறது. மரத்துப்போவது அதனால்தான். பழகினால் சரியாகிவிடும் என்று விட்டுவிடக்கூடிய விஷயம் இல்லை அது.

அளப்பதற்கு ஒரு காசு செலவில்லை. வரிவரியான உள்மடிப்பு உள்ள அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து வாசல்படியில் போட்டேன். காலுக்கு அடியில் பலகை வைத்து முழங்காலை உயர்த்தி, ஹேண்டில் பிடிப்பதுபோல் குனிந்து ஒரு நிமிடம் உட்கார்ந்தேன். "என்ன சோலி இது, அடை காக்கியளா?" என்றாள் மனைவி. எழுந்து பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் இரண்டு குழிகள் தெளிவாகத் தெரிந்தன. நடுவிலிருந்து நடு வரை 118 மி.மீ.

அதோடு எவ்வளவு கூட்டினால் சீட்டின் அகலம் வரும் என்பதை முதுகு சொல்லும். ஓரளவு குனிந்து ஓட்டுகிற எனக்கு 25 கூட்டினால் 143. நன்றாகப் படுத்து ஓட்டுகிறவருக்கு 10, 15 போதும். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுகிறவருக்கு 40-க்கு மேல்கூடப் போகலாம். அப்பா தக்கலையில் ஓட்டிய கறுப்புச் சைக்கிளில் ஸ்பிரிங் வைத்த அகல சீட்தான் இருந்தது. ஒரு நாளும் அவர் குறை சொன்னதில்லை. நேராக உட்கார்ந்தால் பாரம் முழுக்கப் பின்பக்கம்தானே!

என் ஜெல் சீட்டை அளந்து பார்த்தேன், 210. தொடை உரசாமல் என்ன செய்யும்?

இரண்டு சீட்டுக்கும் உண்மையான பரீட்சை ஆரல்வாய்மொழிச் சாலையில் நடந்தது. ஆடிக் காற்றில் போகும்போது பின்னாலிருந்து யாரோ தள்ளிவிடுவதுபோல் இருக்கும். காற்றாலைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் அந்தக் காற்று முழுக்க நெஞ்சில். குனியாமல் மிதிக்க முடியாது. குனிந்தால் இடுப்பு முன்னால் உருண்டு, பாரம் சீட்டின் மூக்குப் பக்கம் நகரும். நடுவில் வெட்டிய பள்ளத்தின் அருமை தெரிவது அப்போதுதான். ஜெல் சீட்டில் தோவாளை வருவதற்குள் இரண்டு தடவை இறங்கி நின்றிருக்கிறேன். புதியதில் ஒரே மூச்சில் வீடு. மார்த்தாண்டம் பக்கம் ஓட்டுகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் இவ்வளவு உறைக்காது. ஏற்றத்துக்கு ஏற்றம் எழுந்து மிதிக்கிறபோது உடம்புக்கும் ஓய்வு கிடைத்துவிடுகிறது.

நண்பரிடம் புரூக்ஸ் பி17 தோல் சீட் இருக்கிறது. 1866-ல் பர்மிங்காமில் குதிரைச் சேணம் செய்யத் தொடங்கிய கம்பெனி. இரண்டு ஞாயிறு இரவல் வாங்கி ஓட்டினேன், அவ்வளவுதான் என் அனுபவம். பல நூறு கிலோமீட்டர் ஓடி அவர் உடம்புக்குக் குழிந்த தோல் அது, எனக்குப் பொருந்தாததில் வியப்பில்லை. அவருக்கோ அது சொந்தப் பிள்ளை மாதிரி. ஆனால் நம் குமரி மாவட்டத்தில் இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் பெய்யும், துலாமழை என்கிற வடகிழக்குப் பருவமழையும் பெய்யும். நனைந்த தோலில் ஏறி உட்கார்ந்தால் தொய்ந்துவிடும், போல்ட்டைத் திருகி இழுக்க வேண்டும். மூடி வைத்தால் பூஞ்சை, வெளியே வைத்தால் முட்டம் பக்கத்து உப்புக்காற்றில் கம்பி துருப்பிடிக்கும். மெழுகு தேய்க்கப் பொறுமை உள்ளவர் வாங்கலாம். எனக்குச் செயினுக்கு எண்ணெய் விடவே ஞாபகம் வருவதில்லை.

கட்டி சீட் வாங்கினாலும் முதல் இரண்டு வாரம் எலும்பு வலிக்கும். அந்த வலி குறைந்துகொண்டே வந்தால் சரி. வராவிட்டால் சீட்டைப் பழிக்கும் முன் உயரத்தைப் பாருங்கள். அதிகம் தூக்கி வைத்தால் ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு ஆடும். சீட்டின் மூக்கு மட்டமாக இருக்கட்டும், மிஞ்சிப்போனால் இம்மி கீழே. மெத்தை வேண்டும் என்பவர்கள் பஞ்சு வைத்த டிரவுசர் போட்டுக்கொள்ளலாம். உள்ளே ஜட்டி போடாமல் அணிய வேண்டியது அது. முதல் நாள் எனக்கும் கூச்சமாகத்தான் இருந்தது.

ஜெல் சீட்டைத் தூக்கிப் போடவில்லை. மனைவியின் கூடை வைத்த சைக்கிளில் மாட்டிவிட்டேன். சந்தைக்கு ஒன்றரைக் கிலோமீட்டர், நேராக நிமிர்ந்து ஓட்டுவாள். அட்டையில் அளந்துவிட்டு வேறு வாங்கலாம் என்றேன். "இத கழத்தப்பிடாது" என்று சொல்லிவிட்டாள்.