கொலம்பஸ் நகரத் தீயணைப்பு நிலையங்கள்: முகப்பைத் தாண்டி ஒரு மதிப்புரை

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் உள்ள கொலம்பஸ், சுமார் ஐம்பதாயிரம் பேர் வசிக்கும் சிற்றூர். ஒஹாயோ மாநிலத் தலைநகரின் பெயரும் இதுவே என்பதால் வழி தேடும்போது கொஞ்சம் கவனம் வேண்டும். எலியல் சாரினன் கட்டிய தேவாலயத்தையும் ஐ. எம். பெய் கட்டிய நூலகத்தையும் பார்க்கக் கட்டடக்கலை மாணவர்கள் இங்கே வந்துகொண்டே இருக்கிறார்கள். அவற்றைப் பற்றி எழுத ஆட்கள் பலர் உண்டு. நான் எடுத்துக்கொண்டிருப்பது இவ்வூரின் தீயணைப்பு நிலையங்களை. ஒரு நகராட்சி புதிய நிலையம் ஒன்றைத் திட்டமிடும்போது எது கைகூடும், எது காலப்போக்கில் பழசாகிப்போகும் என்பதை 1941 முதல் 1998 வரை கட்டப்பட்ட நிலையங்களைக் கொண்டு ஒரே ஊருக்குள் ஒப்பிட்டுப் பார்க்க வேறு இடம் எனக்குத் தெரிந்து இல்லை.

இந்த நிலையங்களில் சில உருவான விதத்தை முதலில் சொல்ல வேண்டும். டீசல் எஞ்சின் தயாரிக்கும் கம்மின்ஸ் நிறுவனத்தின் தலைமையகம் இவ்வூரில்தான் இருக்கிறது. அதன் தலைவராக இருந்த ஜே. இர்வின் மில்லரின் முயற்சியால், 1950களில் நிறுவனத்தின் அறக்கட்டளை ஓர் ஏற்பாட்டை முன்வைத்தது. தான் தரும் பட்டியலிலிருந்து ஒரு கட்டடக்கலைஞரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டால், அவருக்குரிய வடிவமைப்புக் கட்டணத்தை அறக்கட்டளையே செலுத்திவிடும் என்பதே அது. பள்ளிக்கூடங்களில் தொடங்கிய இந்த ஏற்பாடு பிறகு தீயணைப்பு நிலையங்கள் உள்ளிட்ட பொதுக் கட்டடங்களுக்கும் விரிந்தது. பட்டியலைத் தருவது அறக்கட்டளையாக இருந்தாலும் ஆளைத் தேர்ந்தெடுப்பது ஊர்தான் என்பது இதன் நல்ல அம்சம். குறை என்று பார்த்தால், அறக்கட்டளை கொடுப்பது வரைபடத்துக்கான பணம் மட்டுமே. செங்கல், கம்பி, கூலி ஆகியவற்றுக்கும், அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்குக் கூரையும் கதவும் பழுது பார்ப்பதற்கும் வரி செலுத்துபவர்தான் பணம் தர வேண்டும். 'வீட்டைக் கட்டிப் பார்' என்று நம் ஊரில் சொல்வது இப்படிப்பட்ட செலவுகளையும் சேர்த்துத்தான். கட்டணம் இலவசம் என்றவுடன் ஆசைப்பட்டுப் பெரிதாகக் கட்டிவிடாமல், சிறிய, அடக்கமான நிலையங்களையே இவ்வூரார் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். அந்த நிதானத்துக்கே ஒரு மதிப்பெண் கூடுதலாகக் கொடுப்பேன்.

எல்லாரும் படமெடுப்பது 25ஆம் தெருவில் உள்ள நான்காம் எண் நிலையத்தைத்தான். பின்னாளில், 1991இல், கட்டடக்கலையின் மிக உயர்ந்த விருதான பிரிட்ஸ்கர் பரிசு பெற்ற ராபர்ட் வென்டூரியின் அலுவலகம் வடிவமைத்து 1968இல் முடிந்த கட்டடம் இது. எளிதில் பராமரிக்கக்கூடிய சாதாரணக் கட்டடம் ஒன்று போதும் என்பதே அவருக்குத் தரப்பட்ட வேலை. அவரும் சாதாரணமாகத்தான் கட்டினார். வண்டிகள் நிற்கும் கூடம் ஒருபக்கம், வீரர்கள் தங்கும் அறைகள் மறுபக்கம், நடுவில் ஹோஸ் குழாய்களைத் தொங்கவிட்டு உலர்த்தும் கோபுரம், அனைத்தும் ஒரே தளத்தில். கோபுரத்தின் வளைந்த முன்பக்கத்தில் தங்க நிறத்தில் பெரியதாக 4 என்ற எண் இருக்கிறது. காரில் வேகமாகப் போகிறவர்கூட அதைத் தவறவிட முடியாது.

அருகில் போய்ப் பார்த்தால் முகப்பில் நடந்திருக்கும் சாமர்த்தியம் தெரியும். வண்டிக்கூடம் உயரமானது, தங்கும் பகுதிக்கு அவ்வளவு உயரம் தேவையில்லை. இரண்டையும் அப்படியே விட்டிருந்தால் கட்டடம் சாலையிலிருந்து ஒருபக்கம் சரிந்ததுபோல் தெரிந்திருக்கும். வென்டூரி முன்சுவரை ஒரே உயரத்துக்கு எழுப்பி, அதன் ஒரு பகுதியைச் சாதாரணச் செங்கல்லாகவும் மற்றதை பளபளப்பான மேற்பூச்சுள்ள வெள்ளை கிளேஸ் செங்கல்லாகவும் கட்டியிருக்கிறார். வெள்ளைப் பரப்பு முடியும் இடமும் உள்ளே அறைகள் மாறும் இடமும் ஒன்றல்ல. அதனால்தான் இரு பகுதிகளும் ஒரே கட்டடமாகக் கண்ணுக்குப் படுகின்றன. மேற்பூச்சுள்ள செங்கல்லில் புகையும் அழுக்கும் எளிதில் ஒட்டுவதில்லை. தண்ணீர் பீய்ச்சினால் போய்விடும். தண்ணீருக்குப் பஞ்சமில்லாத இடத்துக்குப் பொருத்தமான தேர்வு.

இருந்தாலும் இந்த நிலையத்தைப் புகழ்ந்து எழுதியவர்களில் பலர் சாலையிலேயே நின்றுவிட்டார்கள் என்பது என் மனக்குறை. தீயணைப்பு நிலையத்தை மதிப்பிட வேண்டிய இடம், மணி ஒலித்ததிலிருந்து வண்டி சாலையில் ஏறும் வரையிலான அந்தச் சில கணங்கள். அமெரிக்கத் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கத்தின் 1710ஆம் தரநெறி, முழுநேர வீரர்களைக் கொண்ட படைகளுக்கு இதற்கென 80 விநாடிகளைக் குறிக்கிறது. அதன்பின் முதல் வண்டி சம்பவ இடத்தை அடையும் பயணத்துக்கு 4 நிமிடங்கள். தூங்கிக்கொண்டிருக்கும் ஒருவர் எழுந்து, உடையும் பூட்ஸும் அணிந்து, இருக்கையில் அமர்ந்து வாரைக் கட்டுவது அனைத்தும் அந்த 80 விநாடிக்குள் நடந்தாக வேண்டும். வழியில் ஒரு தேவையற்ற திருப்பம், தவறான பக்கம் திறக்கும் கதவு, குறுக்கே நிற்கும் அலமாரி ஆகிய ஒவ்வொன்றும் அதில் ஒரு துண்டைத் தின்றுவிடும். 1878இல் சிகாகோவில் டேவிட் கென்யன் வழுக்குக் கம்பத்தைக் கொண்டுவந்ததும் இதே கணக்கினால்தான். மாடியில் படுத்து, கீழே வண்டியையும் குதிரையையும் வைத்திருந்த காலம் அது. மாடியே இல்லையென்றால் கம்பமும் வேண்டாம், அதில் இறங்கிக் கணுக்காலை உடைத்துக்கொள்ளவும் வேண்டாம். நான்காம் எண் நிலையத்தின் உண்மையான பலம் இந்த ஒற்றைத் தளமும், கட்டிலுக்கும் வண்டிக்கும் இடையிலான குறுகிய தூரமும்தான். தங்க நிற எண்ணை அதற்கு அடுத்தபடியாகத்தான் சொல்வேன்.

அதே குறுகிய தூரம் இன்றைய அறிவின்படி ஒரு சிக்கலும் ஆகும். டீசல் எஞ்சின் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் வகைப்படுத்தியது; 2022இல் தீயணைப்புப் பணியையே முதல் வகைப் புற்றுநோய்க் காரணியாக, அதாவது மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்குவது உறுதியானதாக, அறிவித்தது. (டீசல் எஞ்சினால் வாழும் ஊரைப் பற்றிய மதிப்புரையில் இதை எழுதும்போது சிறு சங்கடம் இருக்கத்தான் செய்கிறது.) தீயிலிருந்து திரும்பும் வீரரின் கோட்டிலும் கையுறையிலும் படிந்த கரி, வண்டிக்கூடம் வழியாகச் சமையலறைக்கும் படுக்கைக்கும் போய்ச் சேர்வதைத் தடுப்பதே இன்று நிலையம் வடிவமைப்பவரின் முதல் கவலை. இப்போது வரையப்படும் திட்டங்களில் கட்டடம் மூன்று வட்டாரங்களாகப் பிரிக்கப்படுகிறது: வண்டியும் அழுக்கு உடையும் உள்ள சிவப்பு, கழுவி மாற்றிக்கொள்ளும் மஞ்சள், உண்டு உறங்கும் பச்சை. உடை அறைக்குத் தனிக் காற்றோட்டம் தேவை. வெயில் பட்டால் பாதுகாப்பு உடையின் துணி நலிவடையும் என்பதால் ஜன்னல் கூடாது. தங்கும் பகுதியில் காற்றழுத்தத்தைச் சற்று அதிகமாக வைத்தால், கதவு திறக்கும்போது கூடத்துக் காற்று உள்ளே வராது. வண்டியின் புகைபோக்கியில் மாட்டப்பட்டு, வண்டி வெளியேறும்போது தானாகக் கழன்றுகொள்ளும் உறிஞ்சுகுழாயும் வேண்டும். பனிக்கட்டி இயந்திரத்தைக் கூடத்தில் வைக்கக்கூடாது என்பது போன்ற சில்லறை விஷயங்கள்கூட இதில் அடங்கும். கோடையில் எல்லாரும் குடிக்கும் தண்ணீரில் அந்தக் கரிதான் கலக்கும். இவை எதுவும் 1968இன் வரைபடத்தில் இல்லாததற்காக வென்டூரியைக் குறைசொல்ல முடியாது. ஆனால் இன்று ஒரு நகராட்சி இந்த நிலையத்தை முன்மாதிரியாகக் கையில் எடுத்தால், பக்கத்துப் பக்கத்தில் வைக்கும் எளிமையை எடுத்துக்கொண்டு, நடுவில் ஒரு கழுவும் அறையைச் செருகியாக வேண்டும்.

கோபுரத்தின் கதையும் இப்படித்தான். பருத்தி உறையுள்ள ஹோஸ் ஈரத்தோடு சுருட்டி வைத்தால் மக்கிப்போகும். அதனால் ஒவ்வொரு நிலையத்துக்கும் உயரமான ஒரு கோபுரம் வேண்டியிருந்தது. செயற்கை இழை ஹோஸ்கள் வந்தபின் அந்தத் தேவை பெருமளவு குறைந்துவிட்டது. இப்போது கோபுரம் கட்டுவோர் ஏணிப் பயிற்சிக்கும் கயிற்றுப் பயிற்சிக்கும் சேர்த்தே கட்டுகிறார்கள். வெறும் அழகுக்காகக் கோபுரம் வேண்டும் என்று ஒரு கட்டடக்கலைஞர் சொன்னால், அந்தப் பணத்தில் கூடத்தை நீட்டச் சொல்லலாம். தீயணைப்பு வண்டிகள் ஆண்டுக்காண்டு பெருத்துக்கொண்டே போகின்றன. 1960களின் அளவுக்குக் கட்டிய கதவுகள் பல ஊர்களில் இடித்து அகலப்படுத்தப்பட்டிருக்கின்றன.

எனக்கு அதிகம் பிடித்தது ஆற்றுக்கு மேற்கே, கோலர் சாலையில் உள்ள ஐந்தாம் எண் நிலையம். அர்ஜென்டினாவில் பிறந்த சூசானா டோரே வடிவமைத்து 1987இல் திறக்கப்பட்டது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இண்டியானா பண்ணைகளின் தானியக் குதிர்களை நினைவூட்டும் உருளை வடிவங்கள் தெரியும். அதை ரசிக்கலாம், ரசிக்காமலும் போகலாம். உள்ளே அவர் செய்ததுதான் பெரிய காரியம். அதுவரை தீயணைப்பு நிலையம் என்றால் வரிசையாகக் கட்டில்கள் போட்ட ஒரே கூடம், ஒரே உடைமாற்றும் அறை, அவற்றைச் சுற்றி வளரும் ஆண்களின் தோழமை என்பதே வழக்கம். பெண்களும் இந்தப் பணிக்கு வரத் தொடங்கிய காலத்தில், அந்த அமைப்பு ஒரு பெண்ணை ஒன்று தனியே ஒதுக்கி வைக்கும், இல்லையென்றால் சங்கடத்தில் தள்ளும். டோரே பொதுப் படுக்கைக் கூடத்தையே நீக்கித் தனித்தனி அறைகள் கொடுத்தார். ஒன்றுகூடும் இடத்தைச் சமையலறைக்கும் உடற்பயிற்சி அறைக்கும் மாற்றினார். பெண்களுக்கென்று பின்கட்டில் ஓர் அறையைச் சேர்த்து வைப்பதைவிட இது எவ்வளவோ முதிர்ந்த தீர்வு. குறட்டை விடுபவருக்குப் பக்கத்தில் படுக்க நேர்ந்த ஆண்களும் அவருக்கு நன்றி சொல்லியிருப்பார்கள் என்று நம்புகிறேன். வடிவமைப்பவர், பணியாற்றப் போகிறவர்கள் யார் என்ற கேள்வியை முகப்பு எப்படி இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு முன்னால் வைத்தால் திட்டம் எப்படி மாறும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இவ்வூரில் இல்லை.

நிலையம் எங்கே அமைய வேண்டும் என்பதற்கும் இந்த ஊரின் நிலப்படமே விடை சொல்கிறது. டிரிஃப்ட்வுட், ஃபிளாட்ராக் என்ற இரண்டு ஆறுகள் இங்கே கூடி ஒயிட் ஆற்றின் கிழக்குக் கிளையாகின்றன. நகர மையம் ஒரு கரையில், மேற்கே வளர்ந்த குடியிருப்புகள் மறுகரையில். இரண்டுக்கும் இடையே ரயில் பாதை ஒன்றும் போகிறது. நீண்ட சரக்கு ரயில்கள் சாலையை மறித்து நின்றதால் அண்மையில் மேம்பாலம் கட்ட வேண்டியதாயிற்று. வரைபடத்தில் காம்பசால் வட்டம் போட்டு இவ்வளவு கிலோமீட்டருக்கு ஒரு நிலையம் என்று கணக்கிட்டால் இத்தகைய ஊரில் பொய்த்துப்போகும். பாலமும் ரயில்வே கேட்டும் எங்கே என்று பார்த்து, வண்டி ஓடும் நிமிடங்களில் அளக்க வேண்டும். வெள்ளத்தையும் மறக்கக்கூடாது. 2008 ஜூன் மாதம் ஹா ஓடை பெருகி வந்தபோது ஊரின் மருத்துவமனையே தண்ணீரில் மூழ்கி மாதக்கணக்கில் மூடப்பட்டது. பேரிடரில் முதலில் புறப்பட வேண்டியவர்களின் வண்டி, தானே தண்ணீரில் நிற்கும்படியான மனையை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கக்கூடாது. அமெரிக்கக் கட்டட விதிகள் தீயணைப்பு நிலையத்தை மருத்துவமனையோடு சேர்த்து மிக உயர்ந்த இடர் வகையில் வைப்பதும், புயலுக்கும் நிலநடுக்கத்துக்கும் பிறகு அது இயங்க வேண்டும் என்பதனால்தான்.

மற்றவற்றைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். 1941இல் லெய்ட்டன் பவர்ஸ் கட்டிய முதலாம் எண் நிலையம், 1920, 30களில் பரவிய ஆர்ட் டெக்கோ என்ற அலங்காரப் பாணியிலானது. 1990இல் அதை விரிவாக்கியவர்கள் பழைய பகுதியை இடிக்காமல் விட்டது பாராட்டத்தக்கது. 1983இன் மூன்றாம் எண் நிலையத்தில் என் கவனம் அதிகம் தங்கவில்லை. வில்லியம் ரான் அலுவலகம் 1998இல் கட்டிய ஆறாம் எண் நிலையத்தை, நேரமிருந்தால் பார்க்கலாம்.

பார்க்கப் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். ஐந்தாம் தெருவில் உள்ள சுற்றுலா மையத்தில் ஊர்ப்படம் கிடைக்கும். அங்கிருந்து புறப்படும் வழிகாட்டியுடனான பேருந்துச் சுற்று நன்றாக இருந்தாலும், தேவாலயங்களிலும் நூலகத்திலும் ஆர்வமுள்ளவர்களுக்கே அது பொருத்தம். நிலையங்களுக்குச் சொந்தக் காரில் போவதே மேல். நான்கையும் ஐந்தையும் ஒரே நாளில், அந்த வரிசையிலேயே பார்க்கவும். இவை இன்றும் பணியில் இருக்கும் நிலையங்கள் என்பதால் உள்ளே போக விரும்புவோர் முன்கூட்டியே தொலைபேசியில் அனுமதி கேட்பதுதான் முறை. எந்நேரமும் அழைப்பு வரலாம். பேச்சின் நடுவே அவர்கள் எழுந்து ஓடினால் வருத்தப்படக்கூடாது. இன்னொன்று: படம் எடுக்க வசதியாக இருக்கிறதென்று நிலையத்தின் முன்னால் உள்ள கான்கிரீட் தளத்தில் காரை நிறுத்தாதீர்கள். கதவுக்கும் சாலைக்கும் இடையே அவ்வளவு நீளமாக அதை விட்டிருப்பதே, வெளியே வரும் வண்டி முழுவதுமாக அங்கே நின்று, இருபுறமும் பார்த்துச் சாலையில் ஏறுவதற்காகத்தான்.