மாம்பழம் கெடாமல் இருக்க மருந்து என்று 41,600 ரூபாயைப் பிடுங்கிக்கொண்டார்கள்: தோப்பு வைத்திருப்பவர்கள் அவசியம் படியுங்கள்

கடைசி டிராக்டர் பழத்தை எருக்குழியில் கொட்டிவிட்டு இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன். மணி பதினொன்றரை. கையை மூன்று தடவை சோப்பு போட்டுக் கழுவியும் அந்தப் புளித்த வாடை போகவில்லை. தூக்கம் வராது என்று தெரியும், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். தப்பும் தவறுமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்குக் கிருஷ்ணகிரி மாவட்டம். காவேரிப்பட்டணத்துக்குப் பக்கம் இரண்டு ஏக்கர் பங்கனப்பள்ளி, அதை ஒட்டி ஓர் ஏக்கர் நீலம். பங்கனப்பள்ளி மட்டும் 85 மரம், எல்லாம் அப்பா வைத்தது. மூன்று வருடமாக அறுவடை முடிந்ததும் நடுக்கிளைகளைக் கழித்து, வெயில் உள்ளே விழுகிற மாதிரி விட்டோம். அதிலேயே காய் நன்றாகக் கூடியது. விளைச்சலுக்குக் குறைவில்லை. பிரச்சினை எல்லாம் பறித்த பிறகுதான். மே மாதம் எல்லார் தோப்பும் ஒன்றாகக் காய்க்கு வரும், மண்டி நிரம்பி வழியும், விலை விழும். பெங்களூரா ரக மா என்றால் கூழ் ஆலைக்காவது போகும். பங்கனப்பள்ளி சாப்பிடுகிற பழம், அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இரண்டு வாரம் தள்ளிப் பறிக்க முடிந்தால் கிலோவுக்குப் பத்து, பதினைந்து ரூபாய் கூடக் கிடைக்கும். இந்தப் பக்கத்தில் மா வைத்திருக்கிற எல்லாருக்கும் இருக்கிற ஆசைதான் இது.

ஏப்ரல் முதல் வாரம், விவசாய இடுபொருள் விற்கிற ஒரு செயலியில் அந்த மருந்தைப் பார்த்தேன். பெயர் சொல்லப் போவதில்லை. விதை, உரம், பூச்சிமருந்து எல்லாம் வீட்டுக்கே அனுப்புகிற செயலிகள் பல இருக்கின்றன இல்லையா, அதில் ஒன்று. பாட்டிலில் பெரிய எழுத்தில் ‘ஹெக்சனால்’ என்று போட்டிருந்தது. ‘பல்கலைக்கழகத் தொழில்நுட்பம்’ என்று கீழே ஒரு வரி.

ஹெக்சனால் பொய் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கனடாவின் குவெல்ப் பல்கலைக்கழகமும் நம்ம கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகமும் சேர்ந்து மாமரத்தில் செய்து பார்த்த ஆராய்ச்சி அது. செடிகளே தங்களுக்குள் உண்டாக்கிக்கொள்கிற பொருள். பழம் முற்றும்போது பாஸ்போலைபேஸ் டி என்கிற நொதி செல்லைச் சுற்றியிருக்கிற சவ்வை உடைக்கும், பழம் தளர்வது அப்படித்தான். ஹெக்சனால் அந்த நொதியை அடக்கிவைக்கும். அறுவடைக்கு 30 நாள் முன்பு ஒரு தெளிப்பு, 15 நாள் முன்பு ஒரு தெளிப்பு, லிட்டருக்கு 20 மில்லி. சில வருடத்துக்கு முன்பு ஒரு விவசாயிகள் கூட்டத்தில் இதைக் கேட்டுக் குறித்து வைத்திருந்தேன். அந்தச் செயலியிலும் அதே 30 நாள், அதே 15 நாள், அதே 20 மில்லி போட்டிருந்ததால்தான் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

ஆனாலும் உடனே வாங்கவில்லை. அதில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டேன். எடுத்த பையன் முதலில் விலை பேசவில்லை. “அண்ணா, காய் தோள் எழும்பிடுச்சா?” என்று கேட்டான். காம்புக்கு இரண்டு பக்கமும் காய் மேடாக எழும்புவதைத்தான் நாங்கள் தோள் என்போம், அதை வைத்துத்தான் முற்றலைப் பார்ப்போம். “இன்னும் இல்லப்பா” என்றேன். “அப்போ சரியான நேரம்ணா. தோள் எழும்புறதுக்கு முன்னாடியே முதல் தெளிப்பு அடிச்சிடணும்” என்றான். காயைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னான். அனுப்பினேன். பார்த்துவிட்டு, “நல்லா பராமரிச்சிருக்கீங்கண்ணா, நானும் விவசாயி பையன்தான், உங்க கஷ்டம் எனக்குத் தெரியும்” என்றான்.

அந்தத் தோள் கேள்வியில்தான் நான் முழுசாக நம்பிவிட்டேன். மா தெரியாதவன் அதைக் கேட்க மாட்டான் என்று நினைத்தேன்.

மரத்துக்குப் பத்து லிட்டர் கரைசல், 80 மரத்துக்கு 800 லிட்டர். ஒரு தெளிப்புக்கு 16 லிட்டர் மருந்து, இரண்டு தெளிப்புக்கு 32. லிட்டர் 1,300 ரூபாய். மொத்தம் 41,600 ரூபாய். முழுப் பணமும் முன்கூட்டியே கட்டினால்தான் அனுப்புவார்களாம், கட்டினேன். கிணற்றோரம் இருக்கிற ஐந்து மரத்துக்கு இந்த வருடம் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அந்த ஐந்து மரம்தான் பிறகு எனக்குச் சாட்சி.

பெட்டி வந்த அன்றைக்கே என் மனைவி ஒரு மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, “என்னங்க இது, பாத்திரம் தேய்க்கிற லிக்விட் வாசனை அடிக்குது” என்றாள். “கலப்பதற்கு ஏதாவது சேர்த்திருப்பாங்க, உனக்குத் தெரியாது, சும்மா இரு” என்றேன். இப்போது அவள் ஒன்றும் சொல்வதில்லை. சொல்லிக்காட்டியிருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை.

ஏப்ரல் 12-ல் ஒரு தெளிப்பு, 27-ல் ஒரு தெளிப்பு. டேங்கில் ஊற்றித் தண்ணீர் விட்டதும் நுரை பொங்கி வெளியே வழிந்தது. தெளிக்க வந்த ஆளே “என்னண்ணா துணி துவைக்கிற மாதிரி இருக்கு” என்றார். இரண்டாவது தடவை ஒரு பாட்டிலின் மூடி என்ன செய்தும் திறக்கவில்லை, அதைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டோம். தெளிப்புக்கூலி, டிராக்டர் வாடகை எல்லாம் தனி, அதை 41,600-ல் சேர்க்கவில்லை.

மே 10-ம் தேதி வழக்கமாக வருகிற வியாபாரி வந்தார். கிலோ 27 ரூபாய் என்றார். நான் தரவில்லை. இரண்டு வாரம் தாங்கும் என்று சொன்னேன். சித்தப்பா பக்கத்தில் நின்றிருந்தார். “டேய், மேகம் கூடுது, பறிச்சுடு” என்றார். அவரிடமும் ஹெக்சனால் கதையைச் சொன்னேன்.

16-ம் தேதி ராத்திரி கோடை மழையும் காற்றும். காலையில் போய்ப் பார்த்தால் மரத்தடியில் கால் வைக்க இடமில்லை, மஞ்சள் பாய் விரித்த மாதிரி கிடந்தது. மழைக்குப் பின்னாடியே பழ ஈ. மீதியை 18-ம் தேதி அவசரமாகப் பறித்துக் கொட்டகையில் வைக்கோல் போட்டு வைத்தோம். பறித்த பிறகும் பதினைந்து நாள் கெடாது என்றுதான் அந்தப் பையன் சொல்லியிருந்தான். நான்காம் நாள் காம்பைச் சுற்றி ஒரு பழுப்பு வளையம். கட்டைவிரலால் லேசாகத் தொட்டேன், விரல் உள்ளே போய்விட்டது. அடுத்த நாள் தோல் முழுக்கக் கரும்புள்ளி, அடி வைக்கோல் நனைந்து ஒழுக ஆரம்பித்தது.

கிணற்றோரத்து ஐந்து மரத்துப் பழத்தைத் தனியாகத்தான் அடுக்கியிருந்தேன். ஒரு சொட்டு மருந்து படாத பழம் அது. அதுவும் அதே நாளில், அதே மாதிரி, அதே காம்புப் பக்கத்திலிருந்துதான் கெட்டது. இரண்டுக்கும் மயிரிழை வித்தியாசம் இல்லை. 41,600 ரூபாய்க்கு நான் மரத்துக்கெல்லாம் சோப்புத் தண்ணீர் அடித்திருக்கிறேன்.

காலி பாட்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு பையூர் வேளாண் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனேன். அங்கே இருந்தவர் மோந்து பார்த்ததுமே தலையை ஆட்டினார். ஹெக்சனால் என்றால் மூடியைத் திறந்ததும் பச்சைப் புல்லை வெட்டின வாசனை தூக்கி அடிக்க வேண்டுமாம். இதில் எலுமிச்சை சோப்பு வாசனை. லேபிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தயாரித்தவர் முகவரி இல்லை, உரிம எண் இல்லை, பேட்ச் எண் இல்லை. இதையெல்லாம் வாங்கும்போது நான் பார்த்திருக்க வேண்டும். கண்ணில் பட்டது ‘பல்கலைக்கழகம்’ என்ற ஒரு சொல் மட்டும்தான்.

இனி அந்தச் செயலிக்காரர்கள் செய்தது. மே 23-ல் புகார் போட்டேன். 24 மணி நேரத்தில் அழைப்போம் என்று செய்தி வந்தது, யாரும் அழைக்கவில்லை. நானே அழைத்தேன். பொருளைத் திருப்ப ஏழு நாள்தான், அது முடிந்துவிட்டது என்றார்கள். மா காய்ப்பது ஏழு நாளிலா? 30 நாள் முன்பு அடிக்கிற மருந்து வேலை செய்யவில்லை என்பது ஏழு நாளில் எப்படித் தெரியும்? இதைக் கேட்டதும், “சார், பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுத்தீங்களா?” என்றார்கள். இல்லை. “அப்போ எங்களால எதுவும் பண்ண முடியாது சார்.” மறுநாள் வேறு ஒரு பெண், “நாங்க விற்கல சார், விற்கிறவங்களுக்கு இடம் மட்டும்தான் கொடுக்கிறோம், அவங்ககிட்ட பேசுங்க” என்றார். பணம் யார் கணக்குக்குப் போனது? உங்கள் கணக்குக்கு. பில்லில் யார் பெயர் இருக்கிறது? உங்கள் பெயர். இதற்குப் பதில் இல்லை, “லைனில் இருங்க” என்று பாட்டுப் போட்டுவிட்டார்கள். இருபது நிமிடம் அந்தப் பாட்டைக் கேட்டேன், பிறகு தானாகத் துண்டித்துக்கொண்டது.

அந்தப் பையனுக்கு வாட்ஸ்அப்பில் அழுகின பழத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். ஒற்றை டிக். இன்று வரைக்கும் ஒற்றை டிக்தான். காய் போட்டோவை எட்டு நிமிடத்தில் பார்த்துப் பதில் சொன்ன பையன்.

நேற்று ஒரு செய்தி வந்தது. உங்கள் புகார் தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள் என்று. 41,600 ரூபாயும் போய், நாலு டன் பழத்தில் முக்கால்வாசி குழிக்குப் போய், மீதி ரோட்டோரக் கடைக்குக் கிலோ 9 ரூபாய்க்குப் போனவனிடம் நட்சத்திரம் கேட்கிறார்கள். அந்த மருந்தின் கீழே நான் எழுதின கருத்தையும் தூக்கிவிட்டார்கள். மருந்து மட்டும் இன்னும் அங்கேயே விற்பனையில் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

என்ன செய்ய வேண்டும் என்று விவரமாக எழுதலாம் என்றுதான் ஆரம்பித்தேன், உடம்பு ஒத்துழைக்கவில்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். லேபிளில் உரிம எண்ணும் தயாரித்தவர் முகவரியும் இல்லாத எதையும் மரத்தில் அடிக்காதீர்கள். பல்கலைக்கழகத்தின் பெயர் போட்டிருந்தால் பல்கலைக்கழகத்துக்கே போன் போட்டுக் கேளுங்கள். புது மருந்து எதுவானாலும் முதல் வருடம் ஐந்து மரத்துக்கு மேல் வேண்டாம், நான் செய்தது தலைகீழ். பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள், ஒரு பாட்டிலைச் சீல் உடைக்காமல் வையுங்கள். ஏமாந்துவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915. பழம் தாங்குவதற்குத் தெரிந்த வழிகள் இருக்கின்றன: ஒரு விரற்கடை காம்போடு பறித்துக் கவிழ்த்து வைத்துப் பாலை வடியவிடுவது, 52 டிகிரி வெந்நீரில் ஐந்து நிமிடம் முக்கி எடுப்பது, வசதி இருந்தால் 13 டிகிரி குளிர் அறை. வெந்நீர்த் தொட்டி ஒன்று கட்டியிருந்தால்கூட அந்த 41,600-க்கு ஒரு அர்த்தம் இருந்திருக்கும்.

மூடி திறக்காமல் போன அந்த ஒரு பாட்டில் சீல் உடையாமல் இருக்கிறது. நாளைக்குக் காலையில் அதைத் தூக்கிக்கொண்டு வேளாண்மை அலுவலகம் போகிறேன், மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்பச் சொல்லி எழுதிக் கொடுக்கப் போகிறேன். வெள்ளை பாட்டில், பச்சை மூடி, ஒரு லிட்டர், முன்பக்கம் மாம்பழப் படம். இதே பாட்டிலை இந்த வருடம் வாங்கினவர்கள் யாராவது இருந்தால் பில்லோடு எனக்கு எழுதுங்கள். தனித்தனியாகப் போனால் மறுபடியும் பாட்டுதான் போடுவார்கள், சேர்ந்து போவோம்.